கேசட் விளையாட்டின் விலை

பொருளொன்றின் விலை யாது என வினவுவார் பலர். அவ்விலை அவ்வாறு அமைந்ததன் காரணம் யாது என வினவுவார் சிலரே. கட்டுமாவடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தோர்க்கு இவ்விரண்டாம் வினா புதியதன்று. கரையில் ஏலம் போன மீன் திருச்சிராப்பள்ளிச் சந்தையை அடைவதற்குள், அதன் விலையோடு பனிக்கட்டியின் விலையும், பெட்டியின் விலையும், லாரிக் கூலியும், தரகும், வழியிற் கெடுவதால் வரும் நட்டமும் ஒவ்வொன்றாய்ச் சேர்வதை எங்களூர்ச் சிறுவர் நன்கறிவர். அங்ஙனம் அறிந்திருந்தும், இளமையில் நாங்கள் மிக விரும்பிய ஒரு பொருளின் விலையை மட்டும் நாங்கள் ஆராய்ந்தோமில்லை. அது தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டின் கேசட் ஆகும். அதன் விலை எவ்வாறு அமைந்தது, அவ்விலையைக் கொடுக்க இயலாதார் எவ்வாறு ஆடினர், அதற்கு ஈடாக எதனை இழந்தனர் என்பவற்றை இவ்வியாசத்தில் ஒருவாறு விளக்கக் கருதுகின்றேன்.

முதற்கண் கேசட் என்பது யாது எனக் காண்போம். ஆங்கிலத்தார் கார்ட்ரிட்ஜ் என வழங்குவதனையே நம் சிறுவர் கேசட் என்றனர். பாட்டுக் கேசட்டினுள் நாடா உண்டு. இதனுள் நாடா இல்லை. பிளாஸ்டிக் கூட்டினுள் சிறியதொரு மின்சுற்றுப் பலகையும், அதன்மேல் ஒன்றோ சிலவோ நினைவகச் சில்லுகளும் இருக்கும். ஆட்டத்தின் கட்டளைகளும் படங்களும் இசையும் ஆலையிலேயே அச்சில்லில் நிலையாகப் பதிக்கப்பெறும். பின்னர் அவற்றை அழிக்கவும் இயலாது, மாற்றவும் இயலாது. இவ்வகைக் கேசட்டை மாற்றி மாற்றி ஆடும் முதற் கருவி, 1976 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஃபேர்சைல்டு சானல் எஃப் என்பது. அதனை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெர்ரி லாசன் என்னும் பொறியாளர். மறு ஆண்டில் அட்டாரியின் கருவி வந்தது. 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தார் ஃபேமிகாம் என்னும் கருவியை 14,800 யென்னுக்கு வெளியிட்டனர். அதற்குரிய டாங்கி காங் முதலிய ஆட்டங்கள் ஒவ்வொன்றும் 3,800 யென். எனவே நான்கு கேசட்டுகளை வாங்கிய வீட்டில், ஆட்டங்களின் விலை ஆட்டும் கருவியின் விலையை விஞ்சிற்று. விளையாட்டின் செலவு கருவியிலன்று, கேசட்டிலேயே உள்ளது என்பது அன்றே தெளிவாயிற்று.

இனி அவ்விலையின் கூறுகளை ஆராய்வோம். முதலாவது கூறு சில்லு. நூலுக்குத் தாள் எத்தகையதோ, கேசட்டுக்குச் சில்லு அத்தகையது. ஆயின் தாளைவிடப் பன்மடங்கு விலையுயர்ந்தது. ஆட்டம் பெரிதாகப் பெரிதாகச் சில்லின் கொள்ளளவும் பெருக வேண்டும். 1985 இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுமையும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிற்று. 1995 இல் ஸ்குவேர் நிறுவனத்தார் வெளியிட்ட க்ரோனோ டிரிகர் 4 மெகாபைட். அஃதாவது ஏறத்தாழ நூறு மடங்கு. இதனிடையே 1988 இல் உலகெங்கும் நினைவகச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட, பல ஆட்டங்கள் குறித்த காலத்தில் வெளிவராமற்போயின.

இரண்டாவது கூறு, சில்லின் பக்கத்தில் அமரும் துணைப்பொருள்கள். நீண்டதோர் ஆட்டத்தைப் பல நாட்கள் தொடர்ந்து ஆட வேண்டுமாயின், ஆடியவன் எய்திய நிலையைக் கேசட்டே நினைவில் வைத்தல் வேண்டும். அதற்கென ஒரு சிறு நினைவகமும், மின்சாரம் அற்ற வேளையில் அதனைக் காக்க ஒரு பொத்தான் மின்கலமும் வைக்கப்பெற்றன. 1987 இல் அமெரிக்காவில் வெளிவந்த தி லெஜண்ட் ஆஃப் செல்டா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1993 இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் என்னும் ஆட்டத்தின் கேசட்டிலோ, முப்பரிமாணத் தோற்றத்தைக் கணக்கிடுதற்கென்றே தனியொரு செயலிச் சில்லு வைக்கப்பட்டது.

மூன்றாவது கூறு உரிமைக் கட்டணம். நின்டெண்டோ கருவிக்கு ஆட்டம் இயற்றும் பிற நிறுவனத்தார் அமெரிக்காவில் தாமே கேசட் செய்து விற்றல் இயலாது. நின்டெண்டோவிடமே, அதுவும் முன்பணம் கொடுத்துச் செய்வித்துக்கொள்ள வேண்டும். ஆண்டொன்றுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடலாகாது என்ற வரம்பும் ஆங்கு இருந்தது.

நான்காவது கூறு நட்ட அச்சம். இஃது எங்களூரார்க்கு எளிதில் விளங்கும். கேசட் எத்துணை விற்கும் என அறியுமுன்னரே, பல மாதங்களுக்கு முன்பாக, இத்துணை ஆயிரம் என எண்ணிச் செய்வித்தல் வேண்டும். விலைபோகாத மீன் கருவாடாகவேனும் ஆகும்; விலைபோகாத கேசட் எதற்கும் ஆகாது. அட்டாரி நிறுவனத்தார் அளவுமீறிச் செய்த கேசட்டுகளில் ஒரு பகுதியை 1983 இல் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டிற் புதைத்தனர். 2014 இல் அவ்விடத்தை அகழ்ந்தபோது அவை வெளிப்பட்டன. ஒரு கேசட் விற்கும்போது, விற்காமற்போகக்கூடிய மற்றொன்றின் விலையும் அதனோடு சேர்த்தே பெறப்பட்டது என்க.

இந்நான்கோடு ஆக்கியோர் ஊதியமும், விளம்பரமும், கடைக்காரர் இலாபமும் சேர, 1995 இல் க்ரோனோ டிரிகர் ஜப்பானில் 11,400 யென்னுக்கும் அமெரிக்காவில் சுமார் 80 டாலருக்கும் விற்றது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் வெளிவந்த ஃபேண்டஸி ஸ்டார் 4 ஏறத்தாழ 100 டாலரை எட்டிற்று. விலையைக் குறைக்க முயற்சி நிகழாமலில்லை. 1986 இல் நின்டெண்டோவே காந்தத் தட்டுகளைக் கொண்ட துணைக்கருவி ஒன்றை ஜப்பானில் வெளியிட்டது. பழைய ஆட்டத்தில் மனம் சலித்தவன் தன் தட்டைக் கடைக்குக் கொண்டுசென்று 500 யென்னுக்குப் புதிய ஆட்டத்தைப் பதித்துக்கொள்ளலாம். ஆயினும் சில்லுகளின் கொள்ளளவு விரைவில் தட்டை விஞ்சவே, அம்முறை நாளடைவில் பின்தங்கிற்று.

நிற்க. இத்தகைய கேசட் நம் நாட்டுக்கு வந்தால் யாதாகும் எனக் கணக்கிடுவோம். 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தில் உச்சச் சுங்கவரி நூற்றுக்கு 150 என வரையறுக்கப்பட்டது. அதற்குமுன் அதனினும் மிகுதியாக இருந்தது. பின்னர்ப் படிப்படியாகத் தாழ்ந்து, 1994 இல் நூற்றுக்கு 65 ஆயிற்று. அக்காலத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 31 ரூபாய். 50 டாலர்க் கேசட்டை முறைப்படி வரவழைத்து, அதன்மேல் அவ்வுச்ச வரியும் விழுமாயின், 1,550 ரூபாய் விலையும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வரியுமாக 2,550 ரூபாயைத் தாண்டும். கடலோரத்துக் குடும்பமொன்று ஒரு விளையாட்டுக்கு இத்தொகையைக் கொடுக்குமோ? எங்களூரில் அவ்வாறு வாங்கிய ஒருவரையும் யான் கண்டதில்லை.

ஆயினும் நாங்கள் ஆடினோம். எவ்வாறெனின், ஜப்பானிய ஃபேமிகாம் கருவியில், அமெரிக்க விற்பனைக்கெனச் செய்த கருவியில் இருந்ததுபோன்ற பூட்டுச் சில்லு இல்லை. எவர் செய்த கேசட்டையும் அஃது ஏற்கும். ஆதலின் தைவான் முதலிய இடங்களில் அக்கருவியின் சில்லுகளைப் போலவே செய்து, பல பெயர்களில் மலிவான கருவிகளும், அவற்றுக்குரிய கேசட்டுகளும் பெருகின. பர்மாவினின்று திரும்பிய தமிழர்க்கென 1969 இல் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தருகே ஏற்பட்ட பர்மா பஜார் போன்ற அங்காடிகள் வழியாகவும், சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்வோர் பெட்டிகள் வழியாகவும் இவை சிற்றூர்களை அடைந்தன. எங்கள் வீட்டுக்கு வந்த கருவி என் தாய்மாமன் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது.

1995 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், நாங்கள் ஐவர் தலைக்கு 40 ரூபாய் சேர்த்தோம். அப்பணம் வலைகளிற் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக் கொடுத்துப் பெற்ற கூலி. நண்டின் கொடுக்கால் விரல் கிழியாதவர் எங்களுள் ஒருவருமிலர். 200 ரூபாயுடன் அறந்தாங்கிக்குப் பேருந்தேறி, ஒரு கடையில் கேசட் வாங்கினோம். அதன் மேலட்டையில் 999999 ஆட்டங்கள் எனப் பொறித்திருந்தது. வீட்டிற்கு வந்து ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தபோது, வெவ்வேறு ஆட்டங்கள் ஏழே எனக் கண்டோம். ஏனையவை அவையே, ஒன்று இரண்டாம் கட்டத்தினின்று தொடங்கும், மற்றொன்று உயிர்களை மிகுதியாகக் கொடுக்கும். ஏலத்தில் பழகிய என் தந்தையார் இதனைக் கேட்டு நகைத்து, "ஒரு கூடை மீனையே ஏழு முறை எண்ணி ஏழு கூடை என்றானாக்கும், தம்பி!" என்றார்.

ஆயினும் கணக்கிட்டுப் பார்க்குங்கால், ஆட்டமொன்றுக்கு 28 ரூபாய்க்குச் சற்று மேல். எங்கள் பக்கத்து ஆட்டக் கடையில் மணிக்கு 10 ரூபாய் வாங்கினர். அதே 200 ரூபாய்க்கு ஆங்கு 20 மணி நேரமே ஆடலாம். நாங்களோ முதல் வாரத்திலேயே அதனைக் கடந்தோம். எனவே நாங்கள் ஏமாந்தோம் என்றும் கூறுதற்கில்லை.

அம்மலிவு எங்ஙனம் வந்தது என்பதைப் பிற்காலத்தில், அக்கேசட் கீழே விழுந்து கூடு உடைந்தபோது, கண்ணாற் கண்டேன். உள்ளே பலகையின் நடுவில் உறையிட்ட சில்லுக்கு மாறாகக் கரிய பிசின் பொட்டு ஒன்றே இருந்தது. உறையின் செலவும் மிச்சமாகுமாறு, வெறுஞ்சில்லைப் பலகையில் ஒட்டிப் பிசினால் மூடியிருந்தனர். மின்கலமில்லை. உரிமைக் கட்டணமில்லை என்பது சொல்லாமலே அமையும். விலையின் கூறுகள் என மேலே யாம் எண்ணியவற்றுள் ஒவ்வொன்றையும் அப்பலகையில் தேடிக் காணாதொழிந்தேன்.

இவ்வாறு விடுபட்டவற்றின் விலையை நாங்கள் வேறு வகையில் கொடுத்தோம். நண்பனொருவனிடம் மாற்றிக்கொண்ட நெடுங்கதை ஆட்டமொன்றில், அடைந்த நிலையைக் காக்க வழியில்லை. ஆதலின் ஓரிரவு முழுவதும் கருவியை அணையாது வைத்து, அதன்மேல் ஈரத்துணி போர்த்தி, விடியலில் தொடரக் கருதினோம். விடியுமுன் மின்சாரம் தடைப்பட்டது. மூன்று நாள் உழைப்பு அழிந்தது. அவ்வாட்டத்தின் முடிவை இன்றுவரை யான் கண்டேனில்லை. அதனோடு ஆடுமுறை கூறும் சிறு கைந்நூலும் எங்களுக்குக் கிட்டவில்லை. எத்திசைப் பொத்தான் எதற்கென ஊகித்தே அறிந்தோம்.

மேலைநாட்டிலும் ஜப்பானிலும் கேசட்டின் விலையை வீழ்த்தியது பிரதியன்று, குறுந்தட்டு. 1994 டிசம்பரில் சோனி நிறுவனத்தாரின் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வந்தது. குறுந்தட்டை அழுத்தியெடுக்கும் செலவு சில்லின் செலவில் மிகச் சிறு பங்கே. விற்பனைக்கேற்ப விரைவில் மறுமுறை செய்தலும் எளிது. ஆகவே பொருட்செலவோடு நட்ட அச்சமும் குறைந்தது. ஸ்குவேர் நிறுவனத்தாரின் ஃபைனல் ஃபேண்டஸி வரிசையில் ஆறாவது ஆட்டம் 1994 இல் கேசட்டாக 11,400 யென்னுக்கு விற்றது. ஏழாவது ஆட்டமோ 1997 இல் பிளேஸ்டேஷனுக்கென மூன்று குறுந்தட்டுகளில், 6,800 யென்னுக்கு வந்தது. ஆட்டம் பெரிதாயிற்று, விலை ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைந்தது. கேசட்டின் விலையில் எவ்வளவு பங்கு கலைக்குரியது, எவ்வளவு கலத்துக்குரியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முடிவாக ஒன்று கூறுவேன். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1984 இல் திருத்தப்பட்டு, கணினி நிரல்களுக்கும் காப்பளித்தது. ஆதலின் எங்கள் கேசட் குற்றமற்றது என யான் வாதிடேன். நண்டு கழற்றிய ஐந்து சிறுவரைக் கடிந்துகொள்ளவும் எனக்கு மனமில்லை. ஆனால் ஓர் உண்மை பின்னரே எனக்கு விளங்கிற்று. அவ்வாட்டங்களை இயற்றிய கலைஞர்க்கு எங்கள் 200 ரூபாயில் ஒரு காசும் சென்றதில்லை. அதனால் அவர்தம் கணக்கில் நாங்கள் இருந்ததுமில்லை. கட்டுமாவடியில் தம் ஆட்டத்தை விரும்புவார் உளர் என அவர் அறியார். எங்கள் மொழியில் ஓர் ஆட்டம் வேண்டும் என நாங்கள் கேட்பதற்கும் வழியில்லை. உயர்ந்த விலை எங்களைக் கடைவாயிலுக்கு வெளியே நிறுத்திற்று; மலிந்த பிரதி எங்களை உள்ளே விட்டது, ஆயின் எவர் கண்ணுக்கும் புலப்படாதவராய் விட்டது.

இன்று நம் கல்லூரி மாணவர் கைப்பேசியில் விலையின்றியே எண்ணற்ற ஆட்டங்களைப் பெறுகின்றனர். விலை ஒழிந்துவிட்டதோ? இல்லை; இடையில் வரும் விளம்பரத்தைக் காணும் பொழுதாகவும், சிறிது சிறிதாக உள்ளே கேட்கப்படும் தொகையாகவும் அஃது உருமாறி நிற்கின்றது. விலையில்லை எனத் தரப்படுவதைக் கைநீட்டி வாங்குமுன், அதன் விலையை எவர், எங்கே, எதனாற் கொடுக்கின்றனர் என ஒரு கணம் எண்ணுவோமாக.