கைக்குள் ஊர் – 9: வாசலில் விட்டுப்போகும் போன்

தீபாவளி நெருங்கினால் அந்த வாட்ஸ்அப் செய்தி தவறாமல் வந்துவிடும். இந்தியாவை நேரடியாகத் தாக்க முடியாத பாகிஸ்தான், ஆஸ்துமாவை உண்டாக்கும் பட்டாசுகளைச் செய்து அனுப்பும்படி சீனாவிடம் கேட்டிருக்கிறதாம். கீழே, உள்துறை அமைச்சகத்து மூத்த அதிகாரி என்று ஒரு பெயர். அது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுத்தது. மறுப்பு படுத்துக்கொண்டது; வதந்தி அடுத்த தீபாவளிக்கும் எழுந்து நடந்தது.

“சீனப் பட்டாசு வாங்காதேன்னுதானே சொல்லுது, சிவகாசிக்கு நல்லதுதானே?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் சிவகாசி வட்டாரத்தில்தான் தயாராகிறது. பயம் கிளம்பிவிட்டால், கடையில் இருக்கும் பெட்டியைத்தான் சந்தேகத்தோடு புரட்டிப் பார்ப்பார்கள். அது சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் அடைத்த பெட்டி. ஆஸ்துமாக்காரருக்கு எந்த ஊர்ப் பட்டாசுப் புகையும் ஆகாது. அந்தச் செய்தி சொல்லியிருக்க வேண்டிய உண்மை அதுதான்.

இன்னொரு பொய் பணத்தையே பறிக்கிறது. முன்பெல்லாம் சிவகாசி அச்சகத்தில் அடித்த விலைப்பட்டியல், தெரிந்த ஏஜென்ட் கையால் வரும். இப்போது பி.டி.எஃப். வருகிறது. ‘80 சதவீதத் தள்ளுபடி’ என்று கொட்டை எழுத்து. புஸ்வாணம், சங்குசக்கரம், லட்சுமி வெடி என ரகவாரியாக விலை. அடியில் கியூஆர் கோடு. பணம் போனதும், லாரி புக்கிங் ரசீது என்று ஒரு படம் வரும். பிறகு அந்த எண்ணை யாரும் எடுக்கமாட்டார்கள். 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு சைபர் குற்றப்பிரிவே இதைப்பற்றி எச்சரித்தது. பணம் போன உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைத்தால் மீட்க வாய்ப்புண்டு.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று, இணையதளங்கள் வழியாகப் பட்டாசு விற்பதற்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வியாபாரம் நிற்கவில்லை, வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் இடம் மாறியது. தலைமுறையாகக் கடை வைத்திருப்பவரும், நேற்று சிம் கார்டு வாங்கியவரும் அங்கே ஒரே முகத்தோடு நிற்கிறார்கள். ஏமாந்தவர் திட்டுவது சிவகாசியை.

பணத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது, சத்தம் கேட்டுச் சுற்று ஊர்க்காரர்கள் ஓடினார்கள். இறந்த ஏறத்தாழ 40 பேரில் பலர், காப்பாற்றவும் பார்க்கவும் போனவர்கள். இன்று யாரும் ஓட வேண்டியதில்லை. புகை அடங்குமுன் வீடியோ வந்துவிடுகிறது, ஊர் பெயர் இல்லாமல், ஆலை பெயர் மாறிப்போய். சில நேரம் பழைய விபத்தின் படமே புதிதாகக் கிளம்பும். எந்த ஊர், எந்த ஆலை, என்றைக்கு எடுத்தது என்று தெரியாமல் அதைத் தட்டிவிடுகிறவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. அந்த நிமிடத்தில் இங்கே என்ன நடக்கிறது என்று அவர்கள் பார்த்ததில்லை.

இந்தப் பக்கத்தில் பட்டாசு ஆலைக்கு ‘ஆபீஸ்’ என்று பெயர். தீப்பெட்டியைப் போலவே செல்போனும் உள்ளே போகக்கூடாது. மருந்து இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். அந்த விதி சரிதான். காலையில் பெண்கள் கேட்டில் போனைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எங்கோ சத்தம் கேட்கிறது. வீடியோ கிளம்புகிறது. “எந்த ஆபீஸ்?” என்று வீடுகளில் பதறுகிறார்கள். வாட்ச்மேன் மேஜையடியில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் போன்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்குகின்றன. ஒன்றில் அம்மன் பாட்டு, ஒன்றில் சினிமாப் பாட்டு, ஒன்று வெறுமனே அதிர்கிறது. எதை எடுப்பது? கைக்குக் கிடைத்ததை எடுக்கிறார் அவர்.

“இங்க ஒண்ணும் ஆகலய்யா. ஒங்கம்மா உள்ள வேலை பாத்துக்கிட்டுத்தான் இருக்காக.”

வைப்பதற்குள் அடுத்தது ஒலிக்கிறது.

(தொடரும்)