மீன் குடம்பியின் முதல் உணவு

புங்குடுதீவு மடத்துவெளியிலும் அயலூர்களிலும் குழந்தைக்குப் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டி மகிழ்வது நம்மவர் வழக்கம். அதுவரை பாலும் கஞ்சியுமே அதன் உணவு. உடலின் வளர்ச்சியை அறிந்து உணவை மாற்றவேண்டும் என்னும் இவ்வறிவு, கடல்மீனைப் பண்ணையில் வளர்ப்போருக்கும் இன்றியமையாதது ஆகும்.

பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள மண்டபத்தில், இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010ஆம் ஆண்டு கடல்விரால் மீனை முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்த்தெடுத்தனர். இந்தியாவில் அதுவே முதன்முறை. ஒரு தாய்மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடும். ஆயினும், பொரித்த குடம்பிகளுள் பெரும்பாலானவை முதற்சில வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன. இதற்குக் காரணம் யாது?

முட்டையினின்று வெளிவந்த குடம்பி முதலில் மஞ்சட்கருவை உண்டே வாழும். ஏறக்குறைய மூன்றாம் நாளில் வாய் திறக்கும். ஆனால் இரைப்பையோ அப்போது உருவாகியிராது. குடல் ஓர் எளிய குழாய் போன்றிருக்கும். அமிலமும் பெப்சின் என்னும் நொதியமும் பின்னரே தோன்றும். புரதம் என்பது அமினோ அமிலங்களாகிய மணிகளைக் கோத்த மாலை. அம்மாலையை அறுத்துச் செரிக்கும் வல்லமை இளங்குடம்பிக்குக் குறைவு.

இயற்கை இதனை அறிந்தே செயற்படுகின்றது. கடல்மீன்கள் பலவற்றின் முட்டைகளில் கோக்கப்படாத அமினோ அமிலங்கள் மிகுதியாக உள்ளன. கடலில் குடம்பிகள் உண்ணும் கோப்பிப்பொட்டு என்னும் நுண்ணுயிரிலும் அவை நிறைந்திருக்கும். குஞ்சு பொரிப்பகங்களிலோ, தொட்டிகளில் எளிதாகப் பெருகும் ரோட்டிபர் என்னும் நுண்ணுயிரே முதல் உணவு. இதில் டோரின் என்னும் அமினோ அமிலம் மிகக் குறைவு. 2012இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், டோரின் ஊட்டிய உயிருணவைத் தின்ற கடல்விரால் குடம்பிகள் நன்கு வளர்ந்தன. அவற்றின் செரிமான நொதியங்களும் வலுப்பெற்றன.

அங்ஙனமாயின், அமினோ அமிலங்களைத் தீவனத்தில் வேண்டியமட்டும் கலந்துவிடலாமே எனக் கேட்கலாம். அது பயன் தராது. தனித்த அமினோ அமிலம் நீரில் விரைவிற் கரைந்து, குடம்பியின் வாயை அடையுமுன்னரே போய்விடும். உட்சென்றதும் மற்றவை வந்து சேருமுன் உறிஞ்சப்பட்டு, தசையாகாமல் எரிந்துபோகும். ஆதலின் புரதத்தை ஓரளவு அறுத்து, சிறு துண்டுகளாக்கி ஊட்டுவதே நடுவழி. 1997இல் பிரான்சில் ஐரோப்பியக் கொடுவா மீனின் குடம்பிகளுக்குப் புரதத்தில் ஒரு பகுதியை இவ்வாறு கொடுத்தபோது, வளர்ச்சியும் பிழைப்பும் கூடின. குடலும் விரைவில் முதிர்ந்தது. அளவு மிஞ்சினால் நன்மை குறையும் என்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டின.

எனவே, உலர்தீவனத்துக்கு மாற்றுவது இரைப்பை உருவாகிவரும் காலத்தில், சிறிது சிறிதாகவே நிகழவேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் தீவனம் அடியில் அழுகி, நீரும் கெட்டுக் குஞ்சும் சாகும்.

குஞ்சுகள் பொரிப்பகத்தில் பிழைக்காவிடின், கூட்டில் மீன் வளர்ப்போர் கடலின் இளங்குஞ்சுகளையே அள்ள நேரும்; நாளைய பிடிபாடு அதனாற் குறையும். ஆதலால், தீவுக்கரைகளில் மீன்வளர்க்க எண்ணுவோர் குஞ்சின் விலையைக் கேட்குமுன், அது முதலில் என்ன உண்டது, எந்நாளில் உலர்தீவனத்துக்குப் பழகியது என்று கேட்பார்களாக. முதல் வாரங்களில் ஊட்டிய உணவே அறுவடைக்கு அடித்தளம்.