இணையச் சேவையின் தரம்

கைப்பேசி வழியே வரும் இணையத்தின் தரத்தை அதன் வேகம் ஒன்றைக் கொண்டே மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் சேவைத் தரம் என்று பொறியியல் வல்லுநர் கூறும்போது, வேகத்தோடு, செய்தி சென்றடைவதில் நேரும் தாமதம், அத்தாமதம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்கும் தன்மை, வழியில் நஷ்டமாகும் பகுதிகளின் விகிதம் ஆகிய யாவற்றையும் சேர்த்தே கருதுகிறார்கள்.

இணையத்தில் செல்லும் எச்செய்தியும் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டே பிரயாணம் செய்கிறது. உரையாடலில் நூற்றுக்கு ஒரு பொட்டலம் தொலைந்தாலும் செவி அதனைப் பொருட்படுத்தாது. குரல் காலங்கடந்து வருமாயின், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிட்டுச் சம்பாஷணையே சிதறிவிடும். கடிதமோ பணப் பரிவர்த்தனையோ அரை நொடி தாமதிப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஓர் இலக்கம் விடுபட்டாலோ சர்வமும் வீணாகும். இந்தச் சுபாவ பேதத்தை உணர்ந்தே, 1998-இல் தோன்றிய 3ஜிபிபி என்னும் சர்வதேசத் தரநிர்ணயக் கூட்டமைப்பு, நான்காம் தலைமுறை வலையமைப்பில் செல்லும் செய்திகளைப் பல வகுப்புகளாகப் பிரித்தது. முதல் வகுப்பாகிய குரலுக்கு 100 மில்லிநொடித் தாமதமும் நூற்றில் ஒரு பங்கு இழப்பும் வரம்பு; ஒன்பதாம் வகுப்பாகிய சாதாரண இணையத்துக்கு 300 மில்லிநொடியும் பத்து லட்சத்தில் ஒரு பங்கும் வரம்பு.

வரம்பு வகுப்பது எளிது. அதனைக் காப்பதே அரிது. ஒரு கோபுரத்துக்கு வாய்த்த அலைவரிசை அளவுக்குட்பட்டதாகையால், அதனைப் பலருக்கும் பங்கிடும் காரியம் மில்லிநொடிக்கு ஒருமுறை நிகழ்ந்தவண்ணம் இருக்கிறது. ஒவ்வொரு கைப்பேசியும் தனக்குக் கிடைக்கும் சமிக்ஞையின் நிலையை இடைவிடாது தெரிவித்துக்கொண்டிருக்க, சமிக்ஞை வலுத்தவருக்கே எப்போதும் வழங்கினால், மொத்தமாகச் செல்லும் தகவலின் அளவு பெருகும். ஆனால் தலைமடை நிரம்பக் கடைமடை காய்வதுபோல, எல்லையோரத்தில் இருப்பவர் ஏதும் பெறாமல் வாடுவார். ஆகவே குரலுக்கு உறுதியளித்த பங்கை முதலில் ஒதுக்கி, எஞ்சியதை, ஒவ்வொருவரும் அண்மையில் பெற்ற அளவையும் அவருடைய தற்போதைய சமிக்ஞையையும் ஒப்பிட்டு வழங்கும் விகிதாசார முறையைப் பொறியியலார் கையாளுகின்றனர். இதனால் நெடுநேரம் குறைவாகப் பெற்றவருக்கும் முறை வந்தே தீரும்.

ஆகையால், விளம்பரங்கள் பறைசாற்றும் உச்ச வேகத்தைக் கண்டு ஒரு வலையமைப்பின் சிறப்பைத் தீர்மானித்தல் தகாது. நெரிசல் மிகுந்த மாலை வேளையில், கோபுரத்துக்குத் தொலைவிலுள்ள நோயாளி மருத்துவரை அழைத்தால் அந்தப் பேச்சு அறுபடாமல் நடைபெறுமா என்று கேட்பதே நியாயமான பரீட்சை. கட்டணம் செலுத்தும் ஒவ்வொருவருக்கும் அதற்கு விடை கேட்கும் உரிமை உண்டு.