எடை குறைப்பு அறுவை: தகுதி யாருக்கு, செலவு யார் தலையில்?

நம்ம கூட்டங்களில் உடல் எடை பற்றிப் பேச்சு வந்தாலே தீர்வும் கூடவே வந்துவிடும். "வெள்ளைச் சர்க்கரையை விடு, பட்டை தீட்டாத அரிசிக்கு மாறு, கொள்ளுக் கஞ்சி குடி." நல்ல யோசனைதான். ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டவர்களுக்குப் பலனும் கிடைத்திருக்கிறது. ஆனால் பத்து வருசமா சர்க்கரை நோயோடு கிடந்து, மாத்திரையும் ஊசியும் போட்டும் கட்டுப்படாமல், மூட்டு தேய்ந்து வரப்பில் நடக்க முடியாதவரிடமும் இதையே சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவருக்கு இந்தக் கட்டத்தில் உணவு மட்டும் போதாமல் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இரைப்பை அறுவை என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கு யார் தகுதி, பணத்துக்கு என்ன வழி என்று எங்கள் குடும்பத்துக்காக அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். மருத்துவர் பார்க்கும் தகுதி வேறு, பணம் கட்டும் காப்பீட்டு நிறுவனம் பார்க்கும் தகுதி வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைத்து இறங்கினால் கடனில்தான் போய் நிற்போம்.

என்ன அறுவை இது?

கொழுப்பை உறிஞ்சி எடுப்பது இல்லை. அது அழகுக்காகச் செய்வது, அது வேறு. இதில் வயிற்றில் சிறு துளைகள் போட்டு இரைப்பையையே சின்னதாக்குகிறார்கள். ஒரு முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் போல விடுகிறார்கள். இன்னொரு முறையில் மேலே ஒரு சின்னப் பை மட்டும் வைத்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். சாப்பாட்டின் அளவு குறைவதோடு பசியைத் தூண்டும் சுரப்புகளும் மாறுகின்றன. அதனால்தான் எடை இறங்குவதற்கு முன்பே பலருக்குச் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கிறது.

மருத்துவர் பார்க்கும் கணக்கு

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடையை உயரத்தால் ஒரு தரம் வகுத்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. எண் கிடைக்கும். 1991 முதல் உலகம் முழுக்கப் பின்பற்றிய கணக்கு: 40-க்கு மேல் இருந்தால் அறுவை செய்யலாம், 35-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய் இருந்தாலும் செய்யலாம். ஆனால் நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் சேர்கிறது, குறைந்த எடையிலேயே சர்க்கரை வருகிறது. அதனால் இந்திய மருத்துவர்கள் இந்த எண்களை 37.5 என்றும், நோய் இருந்தால் 32.5 என்றும் குறைத்து வைத்துக்கொண்டார்கள். 2022-இல் சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் இதை இன்னும் தளர்த்தின. ஆசிய மக்களுக்கு 27.5-இலிருந்தே யோசிக்கலாம் என்றன.

எண் வந்துவிட்டால் உடனே மேசையில் படுக்க வைத்துவிட மாட்டார்கள். தைராய்டு போன்ற வேறு காரணம் இருக்கிறதா, இதயமும் நுரையீரலும் மயக்க மருந்தைத் தாங்குமா, குடிப்பழக்கம் இருக்கிறதா, மனநிலை எப்படி என்று எல்லாம் பார்ப்பார்கள். புகைப்பதை நிறுத்தச் சொல்வார்கள். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் அறுவைக்குப் பிறகு ஒரு வருசம், ஒன்றரை வருசம் தள்ளிப்போட வேண்டும்.

காப்பீடு பார்க்கும் கணக்கு

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பத்திரத்தில் 'உடல் பருமன், எடைக் கட்டுப்பாடு' என்ற விலக்கைத் தேடிப் படியுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வாசகம் கொடுத்திருக்கிறது. அதன்படி, கீழே உள்ள எல்லாம் சேர்ந்திருந்தால்தான் எடைக் குறைப்பு அறுவைக்குப் பணம்:

- மருத்துவர் ஆலோசனை இருக்க வேண்டும். அறுவை முறையான மருத்துவ நெறிமுறைப்படி நடக்க வேண்டும்.
- வயது 18 நிரம்பியிருக்க வேண்டும்.
- பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால், 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை, கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று இருந்து, அறுவை அல்லாத வழிகளில் எடையைக் குறைக்கப் பார்த்தும் பலிக்காமல் போயிருக்க வேண்டும்.

மூட்டு வலி இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம்ம பெண்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

எங்க அக்காவுக்கு இடித்தது இங்கேதான். உயரம் 152 செ.மீ., எடை 80 கிலோ, பி.எம்.ஐ. 34.6. இன்சுலின் போட்டும் சர்க்கரை அடங்கவில்லை. மருத்துவர் கணக்கில் தகுதி உண்டு, காப்பீட்டுக் கணக்கில் இல்லை. இன்னும் ஒரு கிலோ கூட வேண்டாம், 900 கிராம் ஏறினால் 35 வந்துவிடும். "ஒரு வாரம் நல்லா சாப்பிட்டுட்டு வந்து எடை போடுங்கம்மா" என்று முகவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. "எடையால சாகக் கெடக்கேன், இன்னும் ஏத்திக்கிட்டு வரச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டது.

அக்கா செய்தது சரி. ஏற்றிய எடையை எழுதிக் காட்டினாலும், பழைய சீட்டுகளில் இருக்கும் எடை வேறு கதை சொல்லும். பொய்க் கணக்கு என்று தள்ளிவிட்டால் செலவு முழுக்க நம் தலையில் விழும்.

35-க்கு மேல் இருப்பவர்களுக்குத் துணை காகிதம்தான். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் எடையைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். உணவு ஆலோசனை பெற்றதையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 'முயன்றும் பலிக்கவில்லை' என்பதற்கு அதுதான் சாட்சி.

புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் சர்க்கரை இருப்பதை மறைக்காதீர்கள். முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம். சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம், மறைத்தால் பாலிசியே போகலாம். அறுவைக்கு முன் எழுத்தில் முன் அனுமதி வாங்குங்கள். தகுதி இருந்தும் மறுத்தால், நிறுவனத்துக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் திருப்தியாக இல்லையென்றாலும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அரசு வழி

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். நோய் வந்த பிறகு ஓடாமல் இப்போதே செய்துவையுங்கள். குறிப்பிட்ட அறுவை எந்த மருத்துவமனையில் இந்தத் திட்டத்தில் நடக்கிறது என்பதை, அந்த மருத்துவமனையின் திட்ட மேசையிலேயே கேட்டு உறுதி செய்த பிறகு சேருங்கள்.

சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த அறுவை நடந்திருக்கிறது. அக்காவும் கடைசியில் அப்படி ஓர் அரசு மருத்துவமனைக்குத்தான் போனது. பல தடவை நடக்க வேண்டியிருந்தது, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. தை அறுப்பு முடிந்து மாசியில் அறுவை நடந்தது. இன்றைக்கு எடை 63 கிலோ. இன்சுலினை மருத்துவர் நிறுத்திவிட்டார், ஒரு மாத்திரை மட்டும் இருக்கிறது.

கைக்காசு என்றால்

தனியாரில் சுமார் இரண்டரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை கேட்கிறார்கள். 'பேக்கேஜ்' என்று சொன்னால் அதில் எது அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். முன்பரிசோதனை, தையல் கருவி, தீவிர சிகிச்சைப் பிரிவு, சிக்கல் வந்தால் மறு அறுவை எல்லாம் உள்ளேயா, வெளியேயா? தீவிர சிகிச்சைப் பிரிவு அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விலை மலிவு என்று அந்த வசதி இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். இது சின்ன அறுவை இல்லை. அபூர்வமாக என்றாலும் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அறுவைக்குப் பிறகும் செலவு நிற்காது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுளுக்கும் மருத்துவர் சொல்கிறபடி எடுக்க வேண்டும். குறித்த நாளில் ரத்தப் பரிசோதனை வேண்டும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்லதுதான், ஆனால் சுருங்கின இரைப்பைக்கு அது மட்டும் போதாது. பி12 செடிகொடியில் கிடையாது. மூட்டை தூக்கும் வேலைக்கு ஒரு மாதத்துக்கு மேல் லீவு. அந்தக் கூலியையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நடவு நேரத்தில் தேதி வாங்காதீர்கள்.

நிலத்தை அடமானம் வைத்துச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அவசரம் என்று மருத்துவர் எழுதித் தராத வரைக்கும் வேண்டாம். அரசு வரிசையில் காத்திருக்கும் மாதங்களில் எடையையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நிலம் போனால் திரும்பி வராது.

அறுவை ஆனவரின் தட்டில் விழுவது ஒரு கைப்பிடிச் சோறுதான். அதில் முட்டை, பயறு, கடலை முதலில், சோறு கடைசியில். மெதுவாக மென்று சாப்பிட வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அவ்வளவு குறைவாகச் சாப்பிடும்போது ஒவ்வொரு வாயும் சத்தாக இருக்க வேண்டும். நம்ம வயலில் விளைவதற்கு அங்கே வேலை இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ எடையால் தவிக்கிறவர் இருந்தால், இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். உயரம், எடை, சர்க்கரை மூன்றையும் அளந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். அறுவை வேண்டுமோ வேண்டாமோ, எந்த வழியில் போனாலும் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.