கை காட்டினா நிக்கிற ரயில்: வேல்ஸில் ஒரு பாதை, ரெண்டு பப்

இன்னைக்கு பிரிட்டனில் இருக்கிற வேல்ஸ் பக்கம் போகலாம். அங்கே இருக்கிற கோட்டைகளைப் பத்தி ஏகப்பட்ட வீடியோ இருக்கு. நான் பேசப்போறது ஒரு ரயில் பாதை, ரெண்டு பப், அவ்வளவுதான்.

பாதையோட பெயர் ஹார்ட் ஆஃப் வேல்ஸ். தெற்குக் கடற்கரையில் ஸ்வான்சீயில் கிளம்பி, மலைகளுக்கு நடுவே புகுந்து, இங்கிலாந்துக்குள்ளே ஷ்ரூஸ்பரியில் முடியுது. சுமார் 4 மணி நேரப் பயணம். பெரும்பாலும் ஒற்றைத் தடம். ஒரு நாளைக்கு ஓடுற ரயில்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

வழியில் பல ஸ்டேஷன்களில் ரயில் தானா நிக்காது. ஏறணும்னா டிரைவருக்குத் தெரியுற மாதிரி கை காட்டணும். இறங்கணும்னா கண்டக்டர்கிட்ட முன்னாடியே சொல்லணும். ஐடி பசங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா இது போலிங் இல்ல, இன்டரப்ட். யாராவது கேட்டால்தான் வேலை நடக்கும்.

இந்தப் பாதை இன்னும் ஓடுறதே பெரிய விஷயம். 1963இல் வந்த பீச்சிங் அறிக்கை, நஷ்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொன்னது. ஆயிரக்கணக்கான மைல் தண்டவாளம் போச்சு. இது தப்பிச்சதுக்கு அங்கே ஒரு கதை சொல்லுவாங்க: "இந்த ரயில் ஆறு இழுபறித் தொகுதி வழியா போகுது"ன்னு அமைச்சர் ஒருத்தர் பிரதமர்கிட்ட சொன்னாராம். அதோட பேச்சு முடிஞ்சுதாம்.

இந்தப் பாதையில்தான் லானூர்டிட் வெல்ஸ் இருக்கு. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கே நேயத் ஆர்ம்ஸ் என்கிற பப்பில், நீண்ட தூரம் ஓடினா குதிரைக்கு மனுஷன் சளைச்சவன் இல்லைன்னு ஒரு வாக்குவாதம். அதைக் காதில் வாங்கிய பப் உரிமையாளர் கோர்டன் கிரீன், 1980இல் நிஜமாகவே போட்டி வச்சிட்டார். மலையும் சேறுமா சுமார் 22 மைல். ஓடி வந்தவங்களை வருஷா வருஷம் குதிரைதான் ஜெயிச்சுது. 2004இல்தான் முதல் முறையா ஓடியே ஒரு மனுஷன், ஹியூ லாப், ஜெயிச்சார். அதுவரை சேர்ந்துகிட்டே வந்த பரிசுத் தொகை 25,000 பவுண்டு!

ரெண்டாவது பப் இருக்கிற ஊருக்கு இப்போ ரயிலே கிடையாது. தென்மேற்கே ப்ரெசெலி மலைப்பக்கம் ரோஸ்புஷ் என்கிற கிராமம். 1870களில் ஸ்லேட் குவாரிக்காக ரயில் வந்தப்போ, கூடவே தகரத்தில் ஒரு ஹோட்டலும் கட்டினாங்க. 1937இல் பயணிகள் ரயில் நின்னு போச்சு. தகரக் கட்டடம் நின்னுது. அதுதான் இன்னைக்கு டவார்ன் சிங்க்; வெல்ஷ் மொழியில் 'சிங்க் பப்'. தரையில் மரத்தூள், வெளியே பழைய பிளாட்ஃபார்ம். 2017இல் இதுவும் மூடப்போற நிலைமைக்கு வந்தப்போ, மக்களே பங்கு போட்டு வாங்கிட்டாங்க.

எனக்கு இதுதான் பிடிச்சது. கிராமத்தில் ரயிலும் பப்பும் லாபக் கணக்கில் நிக்காது. வேணும்னு கேட்கிற ஆள் இருக்கிற வரைக்கும்தான் நிக்கும்.

போறவங்களுக்கு மூணே மூணு டிப்ஸ். திரும்பி வர்ற ரயில் நேரத்தை முதல்ல பார்த்துக்கோங்க. ஒண்ணை விட்டா மணிக்கணக்கில் காத்திருக்கணும். பப்பில் மேசைக்கு ஆள் வரும்னு உட்காராதீங்க, கவுன்டருக்குப் போய் சொல்லுங்க. குடிக்கிற பழக்கம் இல்லையா? லெமனேட் வாங்கிட்டு தாராளமா உட்காரலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.