ஒழுகத் தெரிந்த பானை

போன சித்திரையில் அக்கா மகன் தண்ணீர்ப் பானை ஒன்று வாங்கினான். குழாய் வைத்து, மூடி போட்ட பெரிய பானை. இரண்டாம் நாளே போனில் புலம்பல். "மாமா, பானை வேர்க்குது. ஸ்டூல் பூரா ஈரம்." நான் பதில் சொல்வதற்குள் அவனே வைத்தியம் பார்த்துவிட்டான். கதவுக்கு அடித்து மிச்சமிருந்த எனாமல் பெயிண்ட், இரண்டு கோட்டிங், மேலே கோலம் வேறு. ஒழுகல் நின்றது. அடுத்த வாரம் அடுத்த புலம்பல்: தண்ணீர் குளிரவே இல்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்.

நேரில் வந்தபோது டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"மாப்ளே, மாஸ்டர் எதுக்கு டீயை அவ்வளவு உயரத்துல இருந்து ஆத்துறாரு?"

"நுரை வரத்தான்."

நுரை பாதி, ஆவி பாதி. டீ ஒரு முழத்துக்குக் கம்பியாக இறங்கும்போது நாலு பக்கமும் காற்றுப் படுகிறது. கொஞ்சம் ஆவியாகிறது. ஆவியாகிற தண்ணீர் சும்மா போகாது, பக்கத்தில் இருக்கிற சூட்டையும் வாரிக்கொண்டு போகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி சூடு வேண்டும். ஒரு லிட்டர் பானைத் தண்ணீரில் வெறும் 10 மில்லி சுவர் வழியாகக் கசிந்து ஆவியானால், வெளிச்சூடு உள்ளே வராதவரை, மீதித் தண்ணீர் ஐந்தரை டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். அவன் பார்த்துப் பயந்த வேர்வைதான் அந்தப் பத்து மில்லி. வேர்க்க விடாமல் பெயிண்ட் அடித்துவிட்டு, குளிரவில்லை என்று கடைக்காரரைத் திட்டினால் எப்படி?

(சென்னைவாசிகளுக்கு ஒரு வார்த்தை. கடற்கரை ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாவது மந்தம். மதுரைப் பக்கம் வறண்ட வெயிலில் குளிர்வதுபோல அங்கே குளிராது. அது பானையின் குற்றம் இல்லை.)

அப்படியானால் வேலை தெரியாமல் செய்த பானைதான் கசிகிறதா என்று கேட்டான். நல்ல கேள்வி. நிஜத்தில் தலைகீழ். சொட்டாமல், ஆனால் கசியும்படி ஒரு சுவரைச் செய்வதில்தான் குயவரின் கணக்கு முழுக்க இருக்கிறது. அந்தக் கணக்கு கண்மாயில் தொடங்குகிறது.

களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இருக்காது. உருண்டையாகவும் இருக்காது, தகடு தகடாக இருக்கும். இரண்டு கண்ணாடித் துண்டுகளை நனைத்து ஒட்டிப் பாருங்கள். பிரிக்க வராது, ஆனால் நழுவும். களிமண் வளைவது இந்த நழுவலால், வளைந்தபடியே நிற்பது இந்த ஒட்டலால். தனிக் களியில் செய்தால் காயும்போது தகடுகள் நெருங்கி, பண்டம் சுருங்கி, வெடித்துவிடும். அதனால் மணல் சேர்க்கிறார்கள். மானாமதுரைக் குயவர்கள் ஒரே கண்மாய் மண்ணை நம்புவதில்லை. பல இடத்து மண்ணைக் கலந்து, வைகையின் பொடிமணலைச் சேர்த்து, காலால் மிதிக்கிறார்கள். மணல் சுருக்கத்தைத் தடுக்கிறது, சுடும்போது நீராவிக்கு வழி விடுகிறது, பிற்பாடு தண்ணீருக்கும் வழி விடுகிறது. அளவு கூடினால் மண் கையில் நிற்காது. குறைந்தால் வெயிலிலேயே கீறும். எவ்வளவு என்று அங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன். மிதித்துக்கொண்டிருந்தவர் காலை எடுக்காமலே, "பாதத்துக்குத் தெரியும்" என்றார். எழுதிக்கொள்ள நான் எடுத்த பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பானை சக்கரத்தில் பிறக்கிறது என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். பள்ளிக்கூடப் படம் அப்படிப் பழக்கிவிட்டது. நம் ஊர் உருண்டைப் பானை சக்கரத்திலிருந்து இறங்கும்போது அதற்கு அடியே கிடையாது. கழுத்தும் விளிம்பும் ஒழுங்காக வந்திருக்கும், கீழே தடித்த சுவர், அதற்கும் கீழே வெறும் ஓட்டை. நூலால் அறுத்து எடுத்து நிழலில் வைப்பார்கள். ரொம்பக் காயக் கூடாது. விரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஒட்டக் கூடாது. பிறகு மடியில் வைத்துத் தட்டுவார்கள். உள்ளே இடது கையில் உருண்டைக் கல், வெளியே வலது கையில் மரப்பலகை. கல் இருக்கிற இடத்துக்கே பலகை வந்து விழும். உள்ளே இருக்கும் கை கண்ணுக்குத் தெரியாது. தட், தட் என்று ஒரே சீராகக் கேட்கும். ஒவ்வொரு தட்டுக்கும் பானை ஒரு விரல்கடை சுற்றும், தடித்த சுவர் மெலிந்து கீழே இறங்கி உள்பக்கமாகக் கூடும். ஓட்டை தட்டு அளவு, கிண்ணம் அளவு, காசு அளவு என்று குறுகிக் கடைசியில் மூடிக்கொள்ளும். மூடிய இடம் எதுவென்று பிறகு தேடினாலும் அகப்படாது.

அடி உருண்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மூலை இருந்தால் அங்கே சூடு ஏறுவதும் இறங்குவதும் மற்ற இடத்தோடு ஒத்துப்போகாது, விரிசல் அங்கேதான் விழும். உருண்டைக்கு மூலையே இல்லை. அடுப்பின் மூன்று குமிழில் ஆடாமல் உட்காரும், தரையில் வைக்கப் பிரிமணை போதும்.

இந்தத் தட்டலை உச்சத்துக்குக் கொண்டுபோனால் அது கடம். மானாமதுரை மீனாட்சி கேசவன் கடம் செய்ததற்காகச் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றவர். தட்டித் தட்டி மண்ணை இறுக்கி, சுவரை எல்லா இடத்திலும் ஒரே கனமாகக் கொண்டுவந்தால்தான் நாதம். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த பிறகும் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் பானை காயாது, சூளை எரியாது. பொங்கல் பானைக்கு ஆர்டர் குவிகிற மாதங்களும் அவைதான். இதற்கு எந்தக் குறியீடும் மருந்து ஆகவில்லை.

இனி நெருப்பு. அவசரப்பட்டால் இதுவரை செய்ததெல்லாம் போச்சு. காய்ந்ததாகத் தெரியும் பானையிலும் ஈரம் ஒளிந்திருக்கும். தண்ணீர் நீராவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். கொடுக்காவிட்டால் உடைத்துக்கொண்டு போகும். ஆகவே முதலில் மெல்லிய மூட்டம், புகை மட்டும். பிறகுதான் தீயை ஏற்றுவார்கள். 500, 600 டிகிரி வாக்கில் களிமண்ணின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. அதைத் தாண்டிவிட்டால் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது மறுபடி சேறாகாது. வைக்கோலும் வறட்டியும் விறகும் எரிகிற நம் சூளைகள் பெரும்பாலும் 700-லிருந்து 900 டிகிரிக்குள் நின்றுவிடும். 1,200-ஐத் தாண்டினால் ஊறுகாய் ஜாடி மாதிரி துகள்கள் உருகிக் கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும், நுண்துளை அடைபடும். நம் பானை அந்த வாசலுக்கு முன்னாலேயே நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டு ஸ்டூலை நனைத்தது அந்த நிறுத்தம்தான்.

நிறமும் நெருப்பின் வேலை. மண்ணில் உள்ள இரும்புக்குக் காற்று தாராளமாகக் கிடைத்தால் சிவப்பு. சூளையை மூடிப் புகையில் திணறவைத்தால் கறுப்பு. அதே வைகைக் கரையில் கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளில் இரண்டும் ஒரே பண்டத்தில் இருக்கின்றன: உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. வாயைக் கவிழ்த்து, உள்ளே காற்றுப் போகாமல் சுட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான விளக்கம். அந்த ஊர்ப் பானை ஓடுகளில் ஆதன் என்றெல்லாம் தமிழி எழுத்தில் பெயர் கீறியிருக்கிறார்கள். எந்தப் பானை யாருடையது என்ற சண்டை அப்போதும் இருந்திருக்கும்போல.

"அப்ப மீன்குழம்புச் சட்டியும் கசியணுமே?" என்றான் மாப்பிள்ளை. கசியும். அதனால்தான் புதுச் சட்டியைப் பழக்குகிறோம். வடிகஞ்சியை ஊற்றிக் கொதிக்கவைத்தால் கஞ்சிப்பசை துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும், மேலே எண்ணெயும் ஏறும். தண்ணீர்ப் பானைக்கு இந்த வைத்தியம் ஆகவே ஆகாது. அதற்குத் தேங்காய் நார் போட்டு அலசினால் போதும், சோப்புக்கூட வேண்டாம். துளைக்குள் போன சோப்பு லேசில் வெளியே வராது.

டீ காசைக் கொடுத்துவிட்டு இருவரும் பானைக் கடைக்கு நடந்தோம். ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தான். நாலாவது பானை கணீர் என்றது. ஐந்தாவது 'டப்' என்றது, திருப்பிப் பார்த்தால் கழுத்தோரம் மயிரிழைக் கீறல். நாலாவதை வாங்கினோம். கூடவே அடியில் வைக்க ஒரு மண் தட்டும்.

பெயிண்ட் அடித்த பானையில் இப்போது அக்கா புளி போட்டு வைத்திருக்கிறாள். குழாய் இன்னும் அதிலேயே இருக்கிறது.