சாரல் வரும் திசை

ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாயின் வழியே நுழைந்து, தென்காசித் தெருக்களைக் குளிர்வித்து, குற்றாலத்து அருவிகளைப் பெருக்கெடுக்கச் செய்கின்ற தென்மேற்குப் பருவக்காற்று, இந்து மகா சமுத்திரத்தைக் கடந்து வருவதேயாயினும், அதன் சாரலை அந்நியப் பொருளென்று எவரும் சொல்வதில்லை. இதே காற்றைப் பாய்களில் ஏந்தித்தான் யவனரும் அராபியரும் மிளகு நாடி மலையாளக் கரைக்கு வந்தார்கள். உலகமயமாதல் என்னும் சொல்தான் புதிது. அது குறிக்கும் சம்பந்தம் இம்மலையடிவாரத்துக்கு வெகு பழையது. அந்தச் சம்பந்தத்தில் நிபந்தனை விதிப்பவர் யார் என்பதே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

ஜாதிக்காயின் சரித்திரத்தைப் பார்ப்போம். 1621-இல் பாண்டாத் தீவுகளைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனி, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் துரத்தியும், அவ்வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1796-இல் அத்தீவுகள் ஆங்கிலேயர் வசமானபின், கிராம்பும் ஜாதிக்காயும் அவர்களுடைய பிற ராஜ்யங்களுக்குப் பரவலாயின. குற்றாலத்திலும் ஆங்கிலக் கம்பெனியார் வாசனைத் திரவியத் தோட்டங்கள் போட்டார்கள். மண்ணும் மழையும் நம்முடையவை. லாபக் கணக்கு லண்டனுடையது.

இக்காலத்துச் சர்வதேச ஸ்தாபனங்களின் அதிகாரம் வேறு வகையது. 2012-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, குற்றாலத்துக்குத் தெற்கேயுள்ள களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உள்ளிட்ட 39 பகுதிகளைச் சேர்த்து, மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அதனால் ஒரு மரத்தின் உரிமையும் கைமாறவில்லை. காவல் இன்றும் நம் வனத்துறையினுடையதே. ஆயினும், காட்டின் பெயரைக் கொடுத்த அரசாங்கம், அதைக் காப்பதாக உலகத்தின் முன் வாக்கும் கொடுத்ததாகிறது.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலோ சரக்கு எதிர்த்திசையில் போகிறது. 2011-இல் ஸோஹோ நிறுவனம் இப்பகுதியில் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளரின் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதற்குப் பல தேசத்து வியாபாரிகள் உபயோகிக்கும் ‘ஸோஹோ டெஸ்க்’ மென்பொருள் இங்கேதான் உருவாயிற்று. இதிலும் நிபந்தனை இல்லாமலில்லை: 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் அமலாக்கிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை, அங்குள்ள வாடிக்கையாளருக்காக, வயல்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும் பொறியாளரும் அனுசரித்தாக வேண்டும். ஆனால், எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்று யோசிப்பவர் இம்முறை இவ்வூரில் இருக்கிறார்.

கடற்காற்று எல்லா ஊர் மீதும் வீசத்தான் வீசுகிறது. அதை மறித்து நீராக்கிக்கொள்ள மலை இருக்கும் ஊருக்கே அருவி வாய்க்கிறது. கல்வியும் கைத்திறமும் அப்படிப்பட்ட மலைகள்.